அடுத்த பேர் தும்பி

செப்டம்பர் 28

மேகங்களுக்குக் காவல் இருக்கும் என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருந்தால் ஒரு வரி எழுதியிருப்பாய். போனில் பிடிக்கலாம் என்றால், புயல் சீசன் தொடங்கியதும் உன் போனை வானிலை ஆபீஸ் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அப்படியே கிடைத்தாலும் பக்கத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு 'ம்', 'ம்' என்கிறாய். மாட்டிடம் பேசுவது போல இருக்கிறது. அதனால் கடிதம்.

நேற்று பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி. 'புயல்களுக்காகக் காத்திருக்கும் பெயர்கள்.' மூன்றாவதாக, கொட்டை எழுத்தில், தும்பி. குடித்த டீ புரையேறிவிட்டது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் என் மகள் தும்பி தொட்டிலில் கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தபோது, "எங்க ஆபீஸ்ல புயலுக்குப் பேர் கேட்டிருக்காங்கடி, இவ பேரை எழுதிப் போட்டுட்டேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஊரெல்லாம் எழுதிப் போட்டிருக்கும், நம்முடையது எங்கே கிடைக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். கிடைத்த சேதியை மட்டும் மூச்சு விடாமல் இருந்துவிட்டாயே, கள்ளி.

பள்ளிக்கூடத்தில் ஒரே வம்பு. "தும்பி எப்போ கரையைக் கடக்கும்?" என்று பசங்கள் கேட்கிறார்களாம். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் மூணாவது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உன் மாப்பிள்ளை அதற்கு மேல். பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டபடியே, "அவங்கம்மா கத்துற கத்துக்கு அவ பேரைத்தான் வெச்சிருக்கணும்" என்கிறார். டீசல் கையோடு அவர் சிரிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்தத் துறைமுகம் உனக்குத் தெரியும். இங்கே பேர் வைத்தால்தான் புயல். பேர் வைக்காத வரைக்கும் எல்லாம் மழை. ரேடியோவில் பேர் வந்துவிட்டால் போதும், யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். படகை இழுத்துக் கட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். ஓடும்போது அந்தப் பேரைச் சொல்லித்தான் திட்டுவோம். நாசமாய்ப் போக, விளங்காமல் போக என்று. என் பிள்ளையின் பேரைச் சொல்லியா, அக்கா?

பட்டியலிலிருந்து எடுத்துவிடு. ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்?

கோபத்தில் இருக்கும்
உன் தங்கை

அக்டோபர் 6

கடலோரத்துச் சண்டைக்காரிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. கடிதத்தைப் பிரித்ததும் உன் குரல் எழும்பி, பக்கத்து மேசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கோடு போட எனக்கு அதிகாரம் இல்லை. இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் பேர் கொடுத்து, ஒன்றாக உட்கார்ந்து ஒப்புக்கொண்ட பட்டியல் அது. பேர் சின்னதாக இருக்க வேண்டும், எந்த ஊர் வாயிலும் நுழைய வேண்டும், யார் மனமும் புண்படக் கூடாது. மூன்றிலும் உன் மகள் முதல் மார்க்கில் தேறினாள். அவளைப் பெற்றவளின் மனம் புண்படுமே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பயப்படாதே. கடலில் சுழலுவதற்கெல்லாம் பேர் கிடைத்துவிடாது. முதலில் தாழ்வுப் பகுதி. கொஞ்சம் இறுகினால் தாழ்வு மண்டலம். மேலும் இறுகினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதற்கப்புறம் காற்று மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டரைத் தொட்டு, தொட்ட இடத்தில் நின்றால்தான் புயல். அப்போதுதான் பட்டியலில் அடுத்த பேர். அறுபத்தொன்று வரைக்கும் அது அநாமதேயம். பாதிக்கு மேல் பேர் வாங்காமலே மழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு முறை வைத்த பேரை இந்தக் கடலில் மறுபடி வைப்பதும் இல்லை. தும்பிக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். இந்தச் சீசனில் அவள் முறை வருமா என்பதே சந்தேகம்.

நீ நினைப்பது போலக் காற்றை நடுக்கடலில் போய் யாரும் அளப்பதில்லை. மேலேயிருந்து வரும் படம், மிதவைகள், அந்தப் பக்கம் போகிற கப்பல் அனுப்பும் கணக்கு, இதையெல்லாம் வைத்துக்கொண்டு மேசையில் ஒருவர் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் அந்த ஒருவர் நான். கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போடுவார். எங்கள் தலைவரைத்தான் சொல்கிறேன். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று, இரண்டையும் தேடிக்கொண்டிருப்பார்.

தும்பியிடம் ஒரு விஷயம் சொல். எங்கள் சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று நம் வீட்டு நேரம். மற்றது உலகத்துக்கெல்லாம் பொது நேரம். நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பதிவில் எழுதுவதெல்லாம் அந்தக் கடிகாரத்தின் தேதிதான். நமக்கு விடியற்காலை ஆகும்போது அதற்கு இன்னும் முந்தைய நாள். விடியற்காலையில் பிறந்த உன் மகள் எங்கள் கணக்கில் ஒரு நாள் மூத்தவள். இதைக் கேட்டால் இரண்டு நாள் கேக் வேண்டும் என்பாள். மாப்பிள்ளை வாங்கித் தரட்டும், உன்னைக் கேலி செய்து சிரித்ததற்கு அபராதம்.

உன்
அக்கா

அக்டோபர் 31

அக்கா,

இரண்டும் போய்விட்டன.

முதலாவது நடுக்கடலிலேயே செத்துப்போனது. இரண்டாவது வடக்கே கரையேறியதை நீயே பார்த்திருப்பாய். மூன்று நாளாக ரேடியோவில் அந்தப் பேர்தான். அதற்குப் பலியானவர்கள் இத்தனை பேர், காணாமல் போனவர்கள் இத்தனை பேர் என்று. பேப்பரில் ஒரு பாட்டில் தண்ணீருக்காகக் கையை நீட்டும் கூட்டம், மேலே கொட்டை எழுத்தில் அந்தப் பேர். அது யார் வீட்டுப் பிள்ளையின் பேரோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தும்பியின் குதிப்பெல்லாம் அடங்கிவிட்டது. முந்தாநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்கிறாள்.

"அம்மா, அடுத்தது நான்தானே?"

"அது நீ இல்லடா. வெறும் பேரு."

"நான் வந்தா எத்தனை பேர் சாவாங்க?"

அன்றிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கென்று திரும்புகிறாள். வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். ஒரு மேகம் கறுத்தால் உள்ளே ஓடிவந்து கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். தனக்காகப் பயப்படவில்லை, அக்கா. தன்னால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாள். ஏழு வயதுக் குழந்தைக்கு இந்தப் பயம் எதற்கு?

எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. நாளைக்கு ஒரு பேப்பரில் 'தும்பி பலி கொண்டது' என்று வந்தால், வாழ்நாள் முழுக்க அந்தப் பேரோடு அவள் எங்கே போவாள்? யாரைக் கட்டிக்கொள்வாள்? 'எங்க வீட்டு ஆளைக் கொண்டுபோனது நீதானா' என்று விளையாட்டுக்காவது ஒருவர் கேட்காமல் இருப்பாரா?

எண்ணைச் சொல்பவள் நீ என்று நீயே எழுதியிருக்கிறாய். அறுபத்திரண்டு வந்தால் அறுபத்தொன்று என்று போடு. ஒரே ஒரு கிலோமீட்டர். அதை யார் பார்க்கப்போகிறார்கள்? இந்தச் சீசன் மட்டும். அடுத்த வருஷம் இவள் கொஞ்சம் வளர்ந்துவிடுவாள், நானே எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன்
தங்கை

நவம்பர் 8

என் கண்ணு,

தும்பி கேட்டதைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. நான் விளையாட்டாகச் செய்தது அந்தக் குழந்தையைக் கட்டிலுக்கடியில் தள்ளும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவளிடம் பெரியம்மா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நீ கேட்டதை மட்டும் என்னால் செய்ய முடியாது. என் எண்ணைப் பார்த்துத்தான் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது, பள்ளிக்கூடம் திறந்துவிடப்படுகிறது, பஸ் நிற்கிறது. ஒரு கிலோமீட்டர்தானே என்கிறாய். எங்கள் வேலையே அந்த ஒரு கிலோமீட்டர்தான். இன்னொரு முறை இப்படிக் கேட்காதே. நீ கேட்டால் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். சின்ன வயதில் என் பங்கு மிட்டாயையும் பிடுங்கித் தின்றது யார்?

உன் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. எனக்கும் இருக்கிறது. படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு திரண்டாலே மேசையை விட்டு எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒன்று திரண்டு, மறுநாள் கலைந்தது. கலைந்ததும் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். பேரைக் கேட்டு ஓடுவதை உங்கள் ஊர் விட வேண்டும். அறிவிப்பில் 'கடலுக்குப் போக வேண்டாம்' என்று வந்தால் போகக் கூடாது. பேர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

உன்
அக்கா

நவம்பர் 20, வியாழன்

என் தங்கமான அக்காவுக்கு,

தபால் வண்டி கிளம்புவதற்குள் அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

காலையிலிருந்து ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அறிவிப்புக்கும் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். தும்பியைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. என் மடியில் தலையை வைத்து, காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். மதியம் ரேடியோக்காரன் சொன்னான்: ஆழ்ந்த தாழ்வு மண்டலம். சாயங்காலமும் அதையேதான் சொன்னான். பேர் சொல்லவில்லை.

அவள் கையை எடுத்துவிட்டு, "பேர் வைக்கலடா, உன் பேரை வைக்கல" என்றேன். எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள் பார், அப்படி ஒரு அழுகை. ஒரு மாதமாக உள்ளே அடைத்து வைத்திருந்தது அத்தனையும் வந்துவிட்டது. பிறகு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

முடியாது என்று எழுதிவிட்டுச் செய்திருக்கிறாய். எனக்குத் தெரியும், உன்னை எனக்குத் தெரியாதா? இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். நன்றி அக்கா. நன்றி நன்றி.

'கடலுக்குப் போக வேண்டாம்' என்று வழக்கமான பல்லவியைப் பாடினான். ஒரு சொட்டு விழுந்தாலே பாடுகிறவன்தான். உன் மாப்பிள்ளை இன்று நடுச்சாமத்துக்கு மேல் கிளம்புகிறார். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படகு இன்ஜின் படுத்துப்போய் மிதக்கிறதாம், அதில் நாலு பேர். தண்ணீர் ஏறினால்தான் முகத்துவாரத்தைத் தாண்ட முடியும், அதனால் அந்த நேரம். விடிவதற்குள் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார். நீ சொன்னதைச் சொன்னேன். "பேர் வெச்சிருந்தா நானே போக மாட்டேன். உங்க அக்காவே வைக்கல, அப்புறம் என்ன?" என்று உன்னையே சாட்சிக்கு இழுக்கிறார்.

இங்கே காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, பேரில்லாத காற்று.

என்றும் உன்
தங்கை

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

நான் வந்து உன்னோடு இருந்த நாட்களில் நீ எனக்குச் சாப்பாடு போட்டாய், பாய் விரித்தாய், கிளம்பும்போது பஸ்ஸுக்குக் குடை கொடுத்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. தும்பிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். கரைக்குப் போய், "அப்பா எந்தப் பக்கமா வருவார் பெரியம்மா?" என்று கேட்டாள். நான் ஒரு பக்கத்தைக் காட்டினேன். எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. அவரும் வரவில்லை, படகும் வரவில்லை, அந்த நாலு பேரும் வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பினபோது மேசையில் உன் கடிதம் இருந்தது. புயலில் தபால் வண்டி வழியில் சிக்கி, நான் உன் வீட்டில் உன் முகத்தைப் பார்க்கப் பயந்து உட்கார்ந்திருந்தபோது அது இங்கே வந்து காத்திருந்திருக்கிறது. நன்றி நன்றி என்று எழுதியிருந்தாய்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வியாழக்கிழமை மதியம் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து கணக்கு வந்தது. அறுபத்து நாலு. ஒரே ஒரு கப்பல். படத்தை வைத்துப் பார்த்தால் ஐம்பத்தெட்டு, அறுபது என்று சொல்லலாம். தனியாக வரும் கப்பல் கணக்கைச் சில சமயம் ஒதுக்குவோம், காற்றளவி பழையதாக இருக்கும், மாலுமி அவசரத்தில் தப்பாகப் பார்த்திருப்பான். நான் ஒதுக்கினேன். அறுபது என்று எழுதி நீட்டினேன். கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலமும் அதையே எழுதினேன்.

வேறொரு பேர் அடுத்ததாக இருந்திருந்தால் ஒதுக்கியிருப்பேனா? இதைத்தான் தினமும் என்னையே கேட்கிறேன். அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குக் காற்று தெரியவில்லை. கட்டிலுக்கடியில் தும்பி தெரிந்தாள். ஒதுக்கியிருக்க மாட்டேன். போதுமா?

கண்ணாடிக்காரரிடமும் சொன்னேன். "யாரா இருந்தாலும் அறுபதுன்னுதான் போட்டிருப்பாங்க, வீணா மனசைக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம்.

சீசன் முடிந்ததும் எல்லாக் கணக்கையும் சேர்த்து வைத்து ஒவ்வொன்றையும் மறுபடி பார்ப்போம். பார்த்தோம். அது வியாழன் மதியமே புயல்தான். நேற்று இறுதி அறிக்கை வந்தது. வேறு யாரிடமிருந்தும் நீ கேட்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 'புயல். பெயரிடப்படாதது. கரையைக் கடந்த நாள்: நவம்பர் 20.' முடிந்துபோன புயலுக்குப் பின்னால் போய்ப் பேர் வைப்பதில்லை. தும்பி பட்டியலில் அப்படியே இருக்கிறாள். முதல் பேராக.

என்னைத் திட்டி ஒரு வரி எழுது. ஒரே வரி போதும். நீ பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா

ஜனவரி 21

அனுப்புநர்:
தும்பியின் அம்மா,
துறைமுகச் சாலை.

பெறுநர்:
முன்னறிவிப்பு மேசை அதிகாரி,
வானிலை அலுவலகம்.

பொருள்: பெயரிடப்படாத புயலின் தேதி குறித்து.

அம்மையீர்,

தங்கள் இறுதி அறிக்கைப்படி மேற்படி புயல் நவம்பர் 20, வியாழக்கிழமை கரையைக் கடந்திருக்கிறது. என் கணவர் வீட்டைவிட்டுக் கிளம்பியது பன்னிரண்டு மணிக்கு மேல். அப்போது நாள் மாறி வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நான்தான் டார்ச் லைட்டுக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். ஆக, தங்கள் பதிவை நம்பினால் புயல் போன பிறகுதான் அவர் கடலுக்குப் போயிருக்கிறார். அடங்கின கடலுக்குப் போனவர் விடிவதற்குள் வந்திருக்க வேண்டும். அவர் வராததற்கு என்ன காரணம் என்று தங்கள் அலுவலகம் எனக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது.

இரண்டு கடிகாரம் இருப்பது எனக்குத் தெரியும், தங்கள் 20 எங்களுக்கு வெள்ளி விடியற்காலை என்பதும் தெரியும். எனக்கு அதை எழுதியவர் ஒரு பிறந்தநாள் வேடிக்கையாக எழுதியிருந்தார். அந்த வாரம் இவள் இரண்டு நாள் கேக் கேட்டாள், என் கணவரும் வாங்கித் தந்தார்.

திட்டி ஒரு வரி எழுதக் கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தேன். ஒரு கிலோமீட்டர்தானே என்று கேட்டவள் நான். காலில் விழுகிறேன் என்று எழுதியவளும் நான். உங்களைத் திட்டத் தொடங்கினால் பாதியில் அது என் பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால் திட்டு இல்லை. மன்னிப்பும் இல்லை. அது என்னிடம் இப்போது இல்லை, இருந்தால் முதலில் எனக்கே கொடுத்துக்கொள்வேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். பட்டியலில் அடுத்த பேர் எது என்று எனக்குத் தெரியும். அதை எடுக்க வேண்டாம். அடுத்தது திரளும்போது ஒரு கப்பல் சொன்னாலும் போதும், அதை ஒதுக்க வேண்டாம். அவள் பேரை வையுங்கள். சீக்கிரமாக, சத்தமாக, ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ஊர் முழுக்க அவள் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே ஓடட்டும். நான் காது கொடுத்துக் கேட்பேன்.

அவளிடமும் சொல்லிவிட்டேன். கட்டிலுக்கடியிலிருந்து அவளை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உன் பேரைக் கேட்டா எல்லாரும் மேட்டுக்கு ஓடுவாங்க. ஓடினா பிழைச்சுக்குவாங்க" என்றேன். மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பாவும் ஓடியிருப்பாரா?"

ஆமாம் என்று சொன்னேன், அக்கா. அதற்கப்புறம் அவளும் என்னோடு பேசவில்லை.

இப்படிக்கு,
தும்பியின் அம்மா

பி.கு.: பதில் போட வேண்டாம். அறிவிப்பில் கேட்டுக்கொள்கிறேன்.